வேலை தேடிச் சென்னைக்குப் போய் நான்கு மாதம் ஏமாந்தேன்: பஸ் ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என் சித்தி மகள் போன் செய்தாள். பி.காம். கடைசி செமஸ்டர் எழுதி முடித்திருக்கிறாள். "அக்கா, சென்னையில எம்என்சி கம்பெனியில அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். ஃப்ரெஷர்ஸ் போதுமாம். லேப்டாப், கேப் எல்லாம் உண்டாம். உடனே ஜாயினிங்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பணம் ஏதாவது கேட்டார்களா என்றேன். "ஆயிரம் ரூபாதான்க்கா. அதையும் முதல் மாசச் சம்பளத்தோட திருப்பிக் கொடுத்திருவாங்களாம்." எனக்கு உடம்பே சில்லிட்டுவிட்டது. 2024 பிப்ரவரியில் எனக்கு வந்த அழைப்பில் இருந்த அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவளைத் தடுத்துவிட்டேன். என்னைத் தடுக்க அன்றைக்கு யாரும் இல்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ரூபாய்க் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். 2023இல் பி.காம். முடித்தேன், 78 சதவீதம். எட்டு மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கோவை, சென்னை, பெங்களூரு என்று கிளம்பிப் போனார்கள். கல்யாண வீடுகளில் "பாப்பா என்ன பண்ணுது?" என்று கேட்கும்போது அம்மா பேச்சை மாற்றுவார். அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாமல்தான் கிளம்பினேன். கிளாம்பாக்கத்தில் விடிகாலை இறங்கி, சைதாப்பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். சாப்பாட்டோடு மாதம் 6,500 ரூபாய், ஒரு ரூமில் ஐந்து பேர். "ரெண்டு வாரத்துல வேலை கிடைச்சிரும்பா" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். பின்னால் நடந்த பல தப்புகளுக்கு அந்த ஒரு வாக்குதான் காரணம். நாள் ஆக ஆக, ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லியே ஆகவேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டது.

முதலில் போனது வடபழனிப் பக்கம் மாடியில் இருந்த ஒரு கன்சல்டன்சிக்கு. ரிஜிஸ்ட்ரேஷன் 1,000, டாக்குமெண்டேஷன் 500. வேலை கிடைக்காவிட்டால் திருப்பித் தருவோம் என்றார்கள். மூன்று இன்டர்வியூக்கு அனுப்பினார்கள். ஒன்றில் காலியிடமே இல்லை. இன்னொன்றில் வாட்ச்மேன் அண்ணன், "இந்த மாசத்துல நீ பத்தாவது ஆளும்மா, நாங்க யாரையும் கூப்பிடவே இல்ல" என்றார். மூன்றாவது, கமிஷனுக்கு கிரெடிட் கார்டு விற்கும் வேலை. பணத்தைக் கேட்டபோது ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருந்தது. முன்பக்கம் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்றும் பின்பக்கம் 'சேவை' என்றும் போட்டிருப்பது ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டாலே சேவை முடிந்தது என்று கணக்கு. ஒழுங்கான கன்சல்டன்சிக்கு ஆள் எடுக்கும் கம்பெனிதான் பணம் கொடுக்கும். வேலை தேடுகிறவரிடம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அங்கே இன்னொரு தப்பும் செய்தேன். விண்ணப்பத்தின் கடைசியில் 'வேலை தேடும் ஐந்து நண்பர்களின் பெயர், போன் நம்பர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கொடுக்காவிட்டால் ஃபைல் நகராது என்றார்கள். கொடுத்தேன். என் கிளாஸ்மேட் ஒருத்தி, என் பெயரைச் சொன்னார்கள் என்பதற்காகவே நம்பிப் போய் ஆயிரம் ரூபாய் கட்டினாள். அந்த ஆயிரத்தை நான் பிறகு அவளுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் அவள் முன்புபோல் பேசுவதில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். உங்கள் பெயரை வைத்துத்தான் அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள்.

இரண்டாவது அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆபீஸ் அட்மின், டார்கெட் கிடையாது, எந்த டிகிரியும் போதும், 18,000 முதல் 25,000' என்று விளம்பரம். என்ன கம்பெனி, என்ன வேலை என்று போனில் கேட்டால் "நேர்ல வாங்க மேம்" என்ற ஒரே பதில்தான். கிண்டியில் ஒரு ஹாலில் இருநூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். 2,800 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, நாம் வேறு ஆட்களைச் சேர்க்கவேண்டும். ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் புரட்டும் பிரமிட் திட்டங்களை 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை என்னவென்று போனில் சொல்லாதவர்களைத் தேடிப் பஸ் ஏறாதீர்கள். அந்த 2,800 போனது போனதுதான்.

இப்போது பெரிய அடி. மார்ச் நடுவில், எல்லோரும் பயன்படுத்தும் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்: அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், ஃப்ரெஷர்ஸ், ஆண்டுக்கு 3.6 லட்சம். பெரிய தளத்தில் வந்தால் அவர்கள் சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பினேன். பெரிய தளத்தில் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு விளம்பரம் உண்மையாகிவிடாது. விண்ணப்பித்த மறுநாளே போன் வந்தது. பத்து நிமிடப் பேச்சுதான். டெபிட், கிரெடிட் விதிகளைக் கேட்டார்கள், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியுமா என்றார்கள். "கங்கிராட்ஸ்மா, செலக்ட் ஆயிட்டீங்க." அன்று சாயங்காலமே ஆஃபர் லெட்டர் வந்தது. லெட்டரில் பெரிய லோகோ. அனுப்பிய முகவரியோ ஜிமெயில். லோகோவைப் பார்த்து அழுதேன், முகவரியைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஊருக்கே சொல்லி முடித்த பிறகுதான் பணப் பேச்சு வந்தது. இதைக் கவனியுங்கள். முதலிலேயே 35,000 கேட்டிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். லெட்டர் கொடுத்து மூன்றாம் நாள், "கிளையன்ட் ப்ராஜெக்ட்டுக்கு 45 நாள் டிரெயினிங் கட்டாயம்மா. முதல்ல 15,000, ரெண்டு வாரம் கழிச்சு 20,000. சம்பளத்துல ரீஇம்பர்ஸ் ஆயிடும். பேட்ச்ல இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு" என்றார்கள். அம்மா தன் ஒரு பவுன் சங்கிலியை அடகு வைத்து 35,000 வாங்கி அனுப்பினார். அந்தப் பணத்தைக் கம்பெனிக் கணக்குக்கு அனுப்பவில்லை. ஜிபேயில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பேரும்மா" என்றார்கள். சரி என்று அழுத்திவிட்டேன்.

பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. என்னிடம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிபிகேட், டிகிரி எல்லாம் அதில்தான். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் வேண்டும் என்று அந்த ஃபைலை அப்படியே வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த பீரோவில் என்னுடையதைப் போலவே சிவப்பு, நீலம், பச்சை ஃபைல்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் 'இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்களே' என்று எனக்குத் தைரியம்தான் வந்தது. உண்மையில் வெரிஃபிகேஷன் செய்கிற நிறுவனம் ஒரிஜினலைப் பார்த்து, ஜெராக்ஸோடு ஒப்பிட்டு, அங்கேயே கையில் கொடுத்துவிடும். பல்கலைக்கழகத்திடம் கேட்டுச் சரிபார்க்க உங்கள் ஒரிஜினல் தேவையே இல்லை. ஒரிஜினலை வாங்கி வைப்பதற்கு ஒரே காரணம்தான்: நீங்கள் எழுந்து போகக்கூடாது. அதோடு ஒரு வருடத்துக்கு வேலையை விடமாட்டேன் என்ற பாண்டு என்று இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இடையிடையே வெற்றிடம் விட்டிருந்தார்கள், படிக்கவும் நேரம் தரவில்லை. எனக்கு நகலும் தரவில்லை.

டிரெயினிங் என்பது தினம் ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு டாலி சொல்லிக்கொடுத்த பையன், இதற்கு முந்தைய பேட்சில் எங்களைப் போலப் பணம் கட்டியவன். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சித் தாள்களையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். பேட்சில் 22 பேர். சென்னைக்காரர் ஒருவர்கூட இல்லை. விழுப்புரம், தூத்துக்குடி, பெரம்பலூர், தேனி, எல்லோரும் வெளியூர். இரண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் மீதி 20,000 கட்டினேன். ஏன் கட்டினேன் என்று இப்போதும் ராத்திரிகளில் யோசிப்பேன். முதல் 15,000 வீணாகிவிடக்கூடாது என்பதற்காகக் கட்டினேன். அம்மா தெருவில் சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக்கூடாது என்பதற்காகவும் கட்டினேன். வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் ஆபீஸ் ஏசி ரொம்பக் குளிர்கிறது என்று சொல்வேன். அங்கே இரண்டு மின்விசிறிதான் இருந்தது.

மே கடைசியில் 'போஸ்டிங்' வந்தது. அக்கவுண்ட்ஸ் வேலை இல்லை. அதே கட்டடத்தின் மேல்மாடியில், 'எச்ஆர் ரெக்ரூட்டர்'. சம்பளம் 9,000, ஆள் சேர்ந்தால் தலைக்கு இன்சென்டிவ். ஆண்டுக்கு 3.6 லட்சம் என்ற கணக்கு அந்த இன்சென்டிவையும் சேர்த்துத்தானாம். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எனக்குச் சொன்ன வசனங்கள் எல்லாம் அதில் வரிசையாக அச்சடித்திருந்தன. 'கங்கிராட்ஸ்மா' கூட இருந்தது. எந்த நாளில் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும், வீட்டில் சொல்லிவிட்டார்களா என்று எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதெல்லாம் எழுதியிருந்தது. வேலைவாய்ப்புத் தளங்களில் பணம் கட்டினால் விண்ணப்பதாரர்களின் ரெஸ்யூம்களைத் தேடிப் பார்க்கலாம். அதில் ஃப்ரெஷர், சொந்த ஊர் சென்னைக்கு வெளியே என்று வடிகட்டி எடுத்துக் கொடுத்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளால் திரும்பத் திரும்ப வந்து நின்று சண்டை போட முடியாது, அதனால்தான். பேட்சில் சென்னைக்காரர் ஏன் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நான் மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போன் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் நான் பேசிய பெண் ஒருத்தி ஆண்டிபட்டி. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் கேட்கிற அதே சத்தம். "தங்கச்சி, இங்க வராத. யாரு பணம் கேட்டாலும் கட்டாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுந்துபோய் ஃபைலைக் கேட்டேன். பாண்டை முறித்ததற்கு 20,000 கட்டினால்தான் ஃபைல் என்றார்கள்.

அன்று இரவுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாப்பிட்டியா பாப்பா? நான் பஸ் ஏறுறேன்" என்றார். மறுநாள் காலை கிளாம்பாக்கத்தில் வேட்டி சட்டையோடு நின்றார். ரூம்மேட்டின் சித்தப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர் சொன்னபடி நடந்த விவரங்களைத் தேதிவாரியாக ஒரு மனுவாக எழுதினோம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஆஃபர் லெட்டர், வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து இணைத்தோம். போலீஸ் ஸ்டேஷனில் "பேசித் தீர்த்துக்கங்கம்மா" என்றுதான் முதலில் சொன்னார்கள். சிஎஸ்ஆர் ரசீது கொடுங்கள் சார் என்று அப்பா விடாமல் நின்றார். மனு கொடுத்ததற்கு அந்த ரசீதுதான் சாட்சி, அது இல்லாமல் திரும்பாதீர்கள். ரசீது போட்ட பிறகு எஸ்ஐ ஒரு போன் செய்தார். மறுநாள் மஞ்சள் ஃபைல் கைக்கு வந்தது. எல்லாச் சான்றிதழும் இருக்கிறதா என்று அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எண்ணினேன். பணத்தில் 10,000 மட்டும் கொடுத்தார்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கேட்டார்கள். அப்பாவுக்கு வேலைக்குத் திரும்பவேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அதை எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரும் சொல்லலாம். போனிலோ ஆன்லைனிலோ மட்டுமே பேசிப் பணத்தை ஏமாற்றியிருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1,500, 2,800, 35,000 சேர்ந்து 39,300. திரும்பி வந்தது 10,000. ஹாஸ்டல் நான்கு மாதம் 26,000. பஸ், ஜெராக்ஸ், போன் எல்லாம் ஒரு 6,000. மொத்தம் 61,300 ரூபாய் போனது. அடகு வட்டி தனி.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, முன்பே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். போனில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிரைவேட் லிமிடெட் என்று சொல்கிற எந்தக் கம்பெனிக்கும் 21 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு அடையாள எண் உண்டு. அதற்குள்ளேயே மாநிலமும் பதிவான வருடமும் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன். வரவேற்பறைச் சுவரில் 15 ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்தவர்கள் பதிவு செய்ததே 2023இல்தான். அடுத்து ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் இல்லை. தமிழ்நாட்டில் பதிவான ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 15 இருக்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். ஒரு பேட்சுக்கு 22 பேர், ஆளுக்கு 35,000 என்றால் 7,70,000. மூன்று பேட்சிலேயே 20 லட்சத்தைத் தாண்டிவிடும், சேவைத் தொழிலில் ஆண்டு வரவு அதற்குமேல் போனால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பி.காம். படித்த எனக்கு இது அன்றே தோன்றியிருக்கவேண்டும். பிஎஃப் எனும் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் தளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். நூறு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்கிற கம்பெனி அங்கே இல்லாவிட்டால் யோசியுங்கள். பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி யாராவது ஆஃபர் கொடுத்தால், அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கும் நம்பருக்குப் பேசிக் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள், அதை எடுப்பதும் அவர்களேதான்.

இன்னொரு வகையையும் சொல்லிவிடவேண்டும். என் பேட்சில் இரண்டு பேருக்கு, இன்னும் 60,000 கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் போட்டுத் தந்து பேக்டோரில் நல்ல கம்பெனியில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். அனுபவம் உண்மையா என்று பார்க்கும் கம்பெனிகள் பிஎஃப் வரலாற்றைக் கேட்கின்றன. சீட்டில் இருக்கும் வேலை அங்கே இல்லாவிட்டால் வேலை போய்விடும். போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அப்போது நாம் ஏமாந்தவர் என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஆதார் நகலை எங்கும் அப்படியே கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் அதன் மேல் குறுக்காக எதற்கு, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எட்டு மாதம் ஜெராக்ஸ் கடையில் நின்றவள் நான். ஒரு நகலை வைத்து எத்தனை நகல் எடுக்கலாம் என்று நன்றாகத் தெரியும்.

ஜூலையில், எங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் சிறிய தனியார் துறை முகாமுக்குப் போனேன். அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் அந்த முகாமிலும் பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. முன்பெல்லாம் அதை நான் பெரிதாக மதித்ததே இல்லை. அங்கே ஒரு நூற்பாலையிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் உதவியாளர், 13,000. பிஎஃப் 1,560, இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கு 98 பிடித்தம் போகக் கையில் 11,342 வரும் என்று அந்த அதிகாரி ஒரு துண்டுத் தாளில் எழுதியே காட்டினார். சேர்ந்த அன்று ஒரிஜினல் கேட்டார்கள். என் கை ஃபைலை விடவே இல்லை. அங்கிருந்த வயதான கிளார்க் ஐயா ஒவ்வொன்றாக ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, டிக் போட்டு, ஐந்து நிமிடத்தில் மஞ்சள் ஃபைலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "ஒரிஜினல பத்திரமா வீட்ல வைம்மா, இங்க கொண்டு வராத" என்றார். முதல் சம்பளச் சீட்டில் 11,342 என்றே இருந்தது.